பக் நாய்க்குட்டி வாங்கலாமா? மும்பை செம்பூரில் நாலாவது மாடி, பகலில் வீட்டில் அம்மா மட்டும்

செம்பூர்_கார்த்தி:

எல்லோருக்கும் வணக்கம். இதுவரை படித்ததோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை.

சேடா நகரில், திருச்செம்பூர் முருகன் கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி, நாலாவது மாடியில் இருக்கிறோம். நான், மனைவி, ஒன்பது வயது மகள், கும்பகோணத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருக்கும் அம்மா. மனைவிக்கு அந்தேரியில் வேலை, எனக்கு பேலாப்பூரில். காலை எட்டரைக்குக் கிளம்பினால் திரும்ப இரவு ஏழரை ஆகிவிடும். மகள் மூன்று மணிக்குப் பள்ளியிலிருந்து வருவாள். அதுவரை அம்மா தனியாகத்தான் இருக்கிறார். அவருக்கு 67 வயது, முழங்கால் வலி உண்டு.

மகளுக்கு பக் வேண்டும். ஒரு வருடமாகக் கேட்கிறாள். உண்மையைச் சொன்னால் எனக்கும் ஆசை. கல்லூரியில் படித்தபோது ஹட்ச் செல்போன் விளம்பரத்தில் அந்தப் பையன் போகும் இடமெல்லாம் பின்னாலேயே போகுமே, அதிலிருந்து மனதில் இருக்கிறது.

இணையத்தில் ஒருவர் 35 நாள் குட்டி, 12,000 ரூபாய் என்று போட்டிருக்கிறார். 2,000 முன்பணம் அனுப்பினால் தாதர் ஸ்டேஷனுக்கு வெளியே கொண்டுவந்து தருவாராம். பேப்பர் (இனச் சான்றிதழ்) வேண்டுமென்றால் 5,000 கூடுதல். சனிக்கிழமைக்குள் சொல்லச் சொல்கிறார்.

மும்பை வெயிலை அது தாங்குமா? அம்மாவால் சமாளிக்க முடியுமா? எங்கள் வீட்டில் முழு சைவம், அதற்கு என்ன கொடுப்பது? குடியிருப்புச் சொசைட்டி செக்ரட்டரி நாயை லிப்டில் ஏற்றக் கூடாது என்று இப்போதே சொல்கிறார். அப்புறம் இந்த நாய் ரொம்பக் குறட்டை விடும் என்கிறார்களே, அது சாதாரணம்தானா?

ஆண்டாப்ஹில்_செல்வி:

கார்த்தி தம்பி, குறட்டையைக் கடைசியில் போகிற போக்கில் கேட்டிருக்கிறீர்கள். நான் அதிலிருந்துதான் தொடங்குவேன். பக் வளர்ப்பதில் பாதி விஷயம் அதற்குள்தான் இருக்கிறது.

எங்கள் வீட்டில் முத்து என்று ஒரு பக் இருக்கிறான். சந்தன நிறம், கறுத்த முகம், ஒன்பது வயது. 2018-ல் எங்களிடம் வந்தபோது இரண்டு வயது. எங்கள் கட்டிடத்தில் இரண்டாவது மாடியில் இருந்த குடும்பம் மஸ்கட் போனது. நாயையும் கூட்டிப்போகத்தான் நினைத்திருந்தார்கள். ஆனால் சப்பை மூக்கு நாய்களைப் பல விமான நிறுவனங்கள் சரக்கு அறையில் ஏற்றுவதில்லை, வழியில் மூச்சு முட்டிவிடும் என்ற பயம். கிளம்புவதற்கு முந்தின நாள் அந்தப் பெண் அவனுடைய கிண்ணத்தையும் ஒரு நீலப் போர்வையையும் எடுத்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து அழுதாள். என் கணவர் வீட்டிலேயே தையல் மிஷின் போட்டிருக்கிறார். முத்து உள்ளே வந்து ஒரு சுற்று சுற்றிவிட்டு மிஷின் மிதிக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டான். இன்றுவரை அதுதான் அவன் இடம்.

முதல் நாள் ராத்திரி விட்ட குறட்டையில் வீடே விழித்துக்கொண்டது. என் மகன் அதை போனில் பதிவு செய்து சிநேகிதர்களுக்கெல்லாம் அனுப்பினான். எங்களுக்கும் செல்லமாகத்தான் இருந்தது. ஆறு மாதம் கழித்துத் தடுப்பூசி போடப் போனபோது டாக்டர் அவன் தொண்டையில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். "இவன் இப்போது விழித்துத்தானே இருக்கிறான், அப்புறம் ஏன் சத்தம் வருகிறது?" என்று என்னையே கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அவர்தான் விளக்கினார். இந்த நாய்க்கு முகத்து எலும்பு குட்டையாகிவிட்டது, உள்ளே இருக்கிற சதை அந்த அளவுக்குக் குறையவில்லை. மேலண்ணத்தின் பின்பக்கம் தொங்கும் சதை நீளமாக இருந்து மூச்சுக்குழாயின் வாயை மறைக்கிறது. மூக்குத் துவாரமும் வட்டமாக இல்லாமல் கமா போட்ட மாதிரி ஒரு கீறல்தான். நாங்கள் கேட்டு ரசித்தது அவன் மூச்சுக்காகப் படுகிற பாடு. அன்றைக்கு வீட்டுக்கு வந்து மகன் அந்தப் பதிவை அழித்தான்.

அப்படியும் எனக்கு முழுசாகப் புரியவில்லை. புரிந்தது 2020 அக்டோபர் 12-ஆம் தேதி. மும்பை முழுக்க மின்சாரம் போன அந்தத் திங்கட்கிழமை உங்களுக்கும் நினைவிருக்கும். காலை பத்து மணி வாக்கில் போனது, ரயிலெல்லாம் அங்கங்கே நின்றுவிட்டது. அக்டோபர் சூடு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மழை போயிருக்கும், காற்று அசையாது, துணி உடம்போடு ஒட்டும். எங்கள் வீடு மேற்குப் பக்கம் மூடின வீடு. ஃபேன் நின்றதும் நாங்கள் சன்னலைத் திறந்து வைத்துவிட்டு முகக்கவசம் தைக்கிற வேலையிலேயே இருந்தோம். பதினொன்றரை இருக்கும். முத்து மிஷின் பக்கத்திலிருந்து எழுந்து குளியலறைத் தரைக்குப் போனான். போய்க் காலை நீட்டிப் படுத்தான். வாயோரம் நுரை கெட்டியாகத் தொங்குகிறது, நாக்கு நாவல்பழம் தின்ற நிறம். மூச்சில் வழக்கமான கரகரப்பு போய் மரம் அறுக்கிற சத்தம்.

டாக்டருக்கு போன் செய்தேன். "தூக்கிக்கொண்டு ஓடி வராதீர்கள், முதலில் அங்கேயே குளிர வையுங்கள், அப்புறம் கொண்டுவாருங்கள்" என்றார். வாளித் தண்ணீரை வயிற்றிலும் தொடை இடுக்கிலும் பாதத்திலும் ஊற்றிக்கொண்டே இருந்தோம். நான் ஈரத் துண்டைப் போர்த்தப் போனேன், வேண்டாம் என்றார். போர்த்தினால் சூடு உள்ளேயே தங்கிவிடும், தண்ணீர் பட்ட இடத்தில் காற்றும் பட வேண்டும். நெல்லையிலிருந்து என் மாமியார் கொடுத்தனுப்பிய பனையோலை விசிறி ஒன்று பரணில் கிடந்தது. என் கணவர் அதை எடுத்து விசிறினார், கை மாற்றி நான் விசிறினேன். கால் மணி நேரம் கழித்து டாக்ஸியில் கண்ணாடியெல்லாம் இறக்கிவிட்டுக் கொண்டுபோனோம். இத்தனை தண்ணீர் ஊற்றிய பிறகும் அங்கே போய்ப் பார்க்கும்போது 105 டிகிரி இருந்தது. நாய்க்குச் சாதாரணமாக 101-லிருந்து 102.5 வரைதான். ஆக்ஸிஜன் வைத்து, டிரிப் ஏற்றி, சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் வாலை அசைத்தான்.

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கை நீட்டி மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தள்ள வேண்டும். அந்த மூச்சுப்பாதையே குறுகலாக இருந்தால் என்ன செய்யும்? அதுவும் நம் ஊரில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் எவ்வளவு இளைத்தாலும் எச்சில் ஆவியாகாது. பிரச்சினை வெறும் வெயில் இல்லை தம்பி, புழுக்கம். 33 டிகிரியிலேயே இவை விழுந்துவிடும்.

2021 ஜனவரியில் முத்துவுக்கு மூக்குத் துவாரத்தை அகலப்படுத்தி, அண்ணத்துச் சதையையும் கொஞ்சம் வெட்டினார்கள். சப்பை மூக்கு நாய்க்கு மயக்க மருந்து கொடுப்பதே ஆபத்து, அதனால் பழக்கப்பட்ட கையாகத் தேடிப் போனோம். வீட்டுக்கு வந்து நாலைந்து நாள் கழித்து ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு எனக்குத் தூக்கம் கலைந்தது. வீட்டில் சத்தமே இல்லை. எழுந்து ஓடிப்போய் அவன் வயிற்றில் கை வைத்தேன். ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டு, மூக்கால் மூச்சு விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். ஐந்து வயது வரை அவன் அப்படி ஒரு நாள்கூடத் தூங்கியதில்லை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

அதனால் உங்கள் கேள்விக்குப் பதில்: குறட்டை பக்குக்கு வழக்கம்தான், ஆனால் வழக்கமாக இருப்பதாலேயே அது நல்லது ஆகிவிடாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது சத்தம் வந்தாலோ, படுத்த வாக்கில் தூங்க முடியாமல் உட்கார்ந்தே தூங்கினாலோ, சாப்பிட்டதைக் கக்கிக்கொண்டே இருந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பயப்பட வேண்டாம். சில சமயம் கழுத்தை நீட்டி, விக்குகிற மாதிரி உள்பக்கமாகத் தும்மும். அரை நிமிடத்தில் அதுவே நின்றுவிடும். தொண்டையைத் தடவிக் கொடுத்தால் போதும்.

இப்போது எங்கள் நடைமுறையைச் சொல்கிறேன். காலை ஆறு மணிக்குப் பதினைந்து நிமிடம், ராத்திரி எட்டரைக்கு இருபது நிமிடம், அவ்வளவுதான் நடை. மே மாதமும் அக்டோபரும் பகலில் ஏசி ஓடும். அந்தச் செலவையும் நாய்ச் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். கழுத்தில் பெல்ட் கட்டுவதில்லை, மார்போடு மாட்டுகிற ஹார்னஸ்தான். கழுத்தை இழுத்தால் மூச்சுக்கும் கேடு, கண்ணுக்கும் கேடு.

கண் என்றதும் நினைவு வருகிறது. பக் கண் வெளியே துருத்திக்கொண்டு இருக்கும், முன்னால் தடுக்க நீண்ட மூக்கும் கிடையாது. எங்கள் வீட்டில் தென்னங்குச்சி விளக்குமாற்றால் பெருக்கும்போது முத்து குறுக்கே வந்தான். ஒரு ஈர்க்கு பட்டது, அவ்வளவுதான். மறுநாள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றான். சரியாகிவிடும் என்று இரண்டு நாள் விட்டுவிட்டேன். அந்த இரண்டு நாளை நான் விட்டிருக்கக் கூடாது. கருவிழியில் புண்ணாகி, ஆறுவதற்கு ஒன்றரை மாதம் ஆனது. இப்போதும் அந்தக் கண்ணின் ஓரம் கறுப்புப் படர்ந்திருக்கிறது. பக் கண்ணைச் சுருக்கினால் அன்றைக்கே டாக்டர். இது ஒன்றை உங்கள் அம்மாவிடம் அழுத்திச் சொல்லிவிடுங்கள். விளக்குமாறு, ஊதுபத்தி, குழந்தையின் பென்சில் எல்லாம் அதன் முக உயரத்தில்தான் இருக்கும்.

மூக்குக்கு மேலே இருக்கிற மடிப்பை தினமும் ஈரப் பஞ்சால் துடைத்து, அப்புறம் உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். இரண்டாவதுதான் முக்கியம். மழைக்காலத்தில் ஈரம் உள்ளேயே நின்றால் நாற்றம் வரும், சிவக்கும். சுருண்ட வாலுக்கு அடியிலும் அப்படி ஒரு மடிப்பு இருக்கிறது, பலர் அதைப் பார்ப்பதே இல்லை. தேங்கின தண்ணீரில் நடக்க விடாதீர்கள். நம் ஊரில் மழைக்கு எலிக்காய்ச்சல் மனிதருக்கே வருகிறது, நாய்க்கும் வரும். தடுப்பூசியில் அதுவும் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுப் போடுங்கள். முடி கொட்டுவதைப் பற்றி என்ன சொல்ல? குட்டை முடிதானே என்று நினைப்பார்கள். கறுப்புத் துணி தைத்து முடித்தால் கொடுப்பதற்கு முன் டேப் ஒட்டி எடுத்துத்தான் கொடுக்கிறோம்.

சாப்பாட்டில் உங்கள் அம்மாவிடம் பேச வேண்டியது நிறைய இருக்கிறது. என் மாமியார் இங்கே வந்து மூன்று மாதம் இருந்துவிட்டுப் போனபோது எட்டு கிலோ இருந்தவன் பத்தரை ஆனான். அவர் ஒன்றும் தப்பாக நினைத்துக் கொடுக்கவில்லை. அந்த முகம் அப்படிப் பார்க்கும், நம் வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு ஜீவனை முன்னால் வைத்துக்கொண்டு சாப்பிடவும் மனசு வராது. ஆனால் கூடுகிற ஒவ்வொரு நூறு கிராமும் அதன் தொண்டையை நெருக்கும். சாம்பார் சாதம், வத்தக்குழம்பு சாதம் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாய்க்கு விஷம். பாயசத்தில் போடுகிற திராட்சை ஒன்றுகூட வேண்டாம். சாக்லேட்டும் அப்படித்தான். சைவ வீடு என்றால் அளந்து போடுகிற நல்ல உலர் உணவு வாங்கிவிடுங்கள், சிரமம் இல்லை. வெறும் தயிர்சாதத்தில் ஒரு நாயை வளர்க்க முடியாது, புரதம் போதாது. அம்மாவுக்குக் கொடுக்க ஆசையாக இருந்தால் வேகவைத்த பரங்கிக்காய், கேரட், உப்பில்லாமல் ஒரு துண்டு. காய் நறுக்கும்போது அவரே கையால் கொடுக்கட்டும், அந்தச் சந்தோஷம் இரண்டு பேருக்கும் வேண்டும்.

அம்மாவால் சமாளிக்க முடியுமா என்றால், ஒரு விஷயத்தில் உங்கள் வீடு மற்ற வீடுகளைவிட நல்ல வீடு. பகலில் ஆள் இருக்கிறது. சீனாவில் அரண்மனைகளில் மடியில் வைத்துக்கொள்வதற்கென்றே வளர்த்த ஜாதி இது. காவலுக்கும் வேட்டைக்கும் வளர்த்ததில்லை. இதற்குத் தெரிந்த ஒரே வேலை கூட இருப்பது. நான் சமையலறைக்குப் போனால் சமையலறை, துணி காயப்போட்டால் பால்கனி. ஒரு நாள் ஒரு துக்கத்துக்காக எல்லோரும் தாராவிக்குப் போய் ஆறு மணி நேரம் பூட்டி வைத்துவிட்டோம். வந்து பார்த்தால் கதவோரம் முழுக்க எச்சில் ஈரம். தனியாக இருக்கிற வீட்டுக்கு நான் பக் வேண்டாம் என்றே சொல்வேன். உங்கள் அம்மா டிவியில் தொடர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் அவர் காலடியில் சாயங்காலம் வரைக்கும் கிடக்கும். ஆனால் முழங்கால் வலியோடு நாலு மாடி, குட்டியின் மூத்திரம் துடைப்பது, குனிந்து குனிந்து எடுப்பது, இதெல்லாம் முடியாது. கால் நடுவிலும் வந்து நிற்கும், தடுக்கி விழப் பார்ப்பார். அதனால் குட்டி வேண்டாம் தம்பி. மூன்று நாலு வயதான, வீட்டுப் பழக்கம் படிந்த நாயாகத் தேடுங்கள். வளர்ந்த நாயென்றால் அது எப்படி மூச்சு விடுகிறது என்பதும் வாங்கும் முன்பே தெரிந்துவிடும்.

அந்த 2,000 ரூபாயை அனுப்பாதீர்கள். 35 நாள் குட்டி இன்னும் தாயிடம் இருக்க வேண்டிய குட்டி.

முலுண்ட்_வெங்கட்:

லிப்ட் விஷயம் மட்டும் சொல்கிறேன், இதை நான் எங்கள் சொசைட்டியில் நேரில் பேசி முடித்தவன். இந்திய விலங்கு நல வாரியம் 2015-ல் சொசைட்டிகளுக்கு வழிகாட்டு நெறிமுறை கொடுத்திருக்கிறது. நாய் வளர்க்கக் கூடாது என்று பெரும்பான்மை வாக்கெடுத்தாலும் தடுக்க முடியாது. லிப்டில் ஏற்றக் கூடாது என்றோ அதற்குத் தனியாகப் பணம் என்றோ சொல்ல முடியாது. அந்த அறிக்கையைத் தாளில் எடுத்துக்கொண்டு, சண்டைக்குப் போகிற மாதிரி இல்லாமல், செக்ரட்டரி வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். வயதானவர்களோ பயப்படுகிறவர்களோ லிப்டில் இருந்தால் நாங்கள் அடுத்த தடவை வருகிறோம் என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். எனக்கு அந்த ஒரு வார்த்தைதான் வேலை செய்தது.

நாய்க்கு பிஎம்சி (மும்பை மாநகராட்சி) உரிமமும் எடுத்துவிடுங்கள். ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம், வெறிநாய்த் தடுப்பூசிச் சான்று வேண்டும், வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். அந்தத் தாள் கையில் இருந்தால் கட்டிடத்தில் பேச்சே மாறிவிடும்.

பரேல்_மாணவி:

கால்நடை மருத்துவம் நாலாவது வருடம் படிக்கிறேன். செல்வி அக்கா எழுதியதை எங்கள் வகுப்பில் படித்துக் காட்டலாம். அக்கா சொன்னதற்குப் பின்னால் இருக்கும் கணக்கைக் கொஞ்சம் சொல்கிறேன்.

லண்டன் ராயல் வெட்டர்னரி காலேஜ் 2022-ல் பிரிட்டனில் உள்ள பக் நாய்களையும் மற்ற நாய்களையும் ஒப்பிட்டு ஒரு ஆய்வு வெளியிட்டது. மூச்சுப்பாதை அடைப்பு வரும் வாய்ப்பு பக்குக்கு ஏறக்குறைய 54 மடங்கு அதிகம். கருவிழிப் புண் 13 மடங்கு, தோல் மடிப்பில் தொற்று 11 மடங்கு. அதே வருடம் வந்த இன்னொரு ஆய்வில், பிறந்த பக் குட்டியின் சராசரி ஆயுள் எதிர்பார்ப்பு 7.65 வருடம் என்று வந்தது, எல்லா நாய்களுக்கும் சேர்த்துப் பார்த்தால் 11.23. பக் 12, 15 வருடம் வாழும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். சில நாய்கள் வாழவும் செய்கின்றன, முத்துவும் வாழட்டும்.

இந்த முகம் எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1745-ல் ஹோகார்த் என்ற ஆங்கில ஓவியர் தன்னையும் தன் பக் நாயையும் வரைந்திருக்கிறார். அந்த நாய்க்கு நீளமான மூக்கு இருக்கிறது, கால்களும் நீளம். பிறகு வந்த காலத்தில் தட்டையான முகத்தையே தேர்ந்தெடுத்து இனம் சேர்த்ததில் வந்தது இது. நெதர்லாந்தில் 2019-லிருந்து மூக்கு மிகக் குட்டையாக உள்ள நாய்களை இனப்பெருக்கம் செய்யக் கட்டுப்பாடு இருக்கிறது. மனிதன் செய்ததுதானே, மாற்றவும் முடியும் என்று எனக்கு நம்பிக்கை இருக்கிறது. ஆனால் வாங்குகிறவர்கள் திறந்த மூக்குள்ள நாயைத்தான் எடுப்போம் என்று நின்றால்தான் அது நடக்கும்.

நாயைப் பார்க்கப் போகும்போது மூக்குத் துவாரத்துக்குள் இருட்டாக ஓட்டை தெரிகிறதா பாருங்கள். மூடின கீறலாக இருந்தால் யோசியுங்கள். மூன்று நிமிடம் வேக நடையாக ஓட்டிவிட்டுத் தொண்டையருகே காதை வையுங்கள். கேம்பிரிட்ஜில் மூச்சுக் கோளாறைத் தரம் பிரிக்கும் முறையிலும் ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் கேட்பதுதான் அடிப்படை, 0-லிருந்து 3 வரை தரம் போடுவார்கள். இந்தச் சோதனையை மதிய வெயிலில் செய்யாதீர்கள்.

2017-இன் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது, விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். ஸ்டேஷன் வாசலில் கைமாற்றுகிறவர் எதற்காக வீட்டுக்குக் கூப்பிடாமல் இருக்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். தாய் நாயைப் பார்க்காமல் குட்டியை வாங்காதீர்கள், தாயின் மூச்சுதான் குட்டிக்கும் வரும்.

வாஷி_ராஜன்:

எங்கள் பக் சிம்மி மூன்று வயதில் போய்விட்டது. முதலில் ஒரே பக்கமாகச் சுற்றியது, அப்புறம் வலிப்பு. மூளையில் அழற்சி, இந்த இனத்துக்கு அதிகமாக வருகிற ஒன்று என்றார்கள். இரண்டு மாதம்தான். என் மகனுக்கு அப்போது பத்து வயது. உங்கள் மகளின் வயதைப் படித்ததும் எழுதத் தோன்றியது.

வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அந்த மூன்று வருடம் சிம்மி எங்களுக்குக் கொடுத்ததை எதற்கும் மாற்றிக்கொள்ள மாட்டேன். இப்போது எங்கள் தெருவில் பிறந்த ஒரு நாட்டு நாயை வளர்க்கிறோம். மே மாதத்து மதியத்தில் மொட்டை மாடியில் ஓடுகிறது, மூச்சுச் சத்தமே கேட்பதில்லை. எனக்கு அது ஒரு பெரிய நிம்மதி. மகளிடம் இரண்டையும் காட்டுங்கள்.

செம்பூர்_கார்த்தி:

எல்லோருக்கும் நன்றி. ராஜன் சார், நீங்கள் எழுதியதை மனைவியும் நானும் இரண்டு தடவை படித்தோம்.

விற்பவரிடம் தாய் நாயைப் பார்க்க வீட்டுக்கு வரலாமா என்று கேட்டேன். தாய் பன்வேலில் இருக்கிறது என்றார், நான் பன்வேலுக்கே வருகிறேன் என்றேன், அதோடு பதில் இல்லை. விட்டுவிட்டோம்.

மகளிடம் செல்வி அக்கா எழுதியதைப் படித்துக் காட்டினேன். மின்சாரம் போன நாளைப் படித்தபோது எழுந்துபோய் பாட்டி மடியில் உட்கார்ந்துகொண்டாள். நாட்டு நாயும் பார்த்தோம், ஆனால் மனைவியின் அலுவலகத் தோழி ஒருவர் காட்கோபரில் நாலு வயதுப் பெண் பக் ஒன்று இருப்பதாகச் சொன்னார். அந்த வீட்டில் குழந்தைக்கு மூச்சிரைப்பு, டாக்டர் நாய் முடி ஆகாது என்றுவிட்டாராம். பணம் எதுவும் கேட்கவில்லை. நேற்று மாலை ஏழு மணிக்குப் போய்ப் பார்த்தோம். கறுப்பு நாய். மூக்குத் துவாரம் திறந்திருக்கிறது, இடது பக்கம் கொஞ்சம் சின்னது. மூன்று நிமிடம் நடத்திக் காதை வைத்துக் கேட்டேன், லேசாக ஒரு சத்தம், இரண்டு நிமிடத்தில் அடங்கிவிட்டது. எடை 7.4 கிலோ. அம்மாவைப் பார்த்ததும் நேராக வந்து அவர் புடவைத் தலைப்பின் மேல் உட்கார்ந்துகொண்டது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. வரும் வழியில் டாக்ஸியில், "பரங்கிக்காய் வாங்கணும்" என்றார்.

அடுத்த ஞாயிறு கூட்டிவரலாம் என்றிருக்கிறோம். வேறு என்ன செய்ய வேண்டும் அக்கா?

ஆண்டாப்ஹில்_செல்வி:

தம்பி, ஞாயிற்றுக்கு முன்பே அந்த வீட்டுக்காரரோடு சேர்ந்து ஒரு தடவை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். பரேல் விலங்கு ஆஸ்பத்திரி உங்களுக்கும் காட்கோபருக்கும் ரொம்பத் தூரமில்லை. மூச்சு, கண், முட்டி மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். பின்னங்கால் முட்டிச் சில்லு நழுவுவது இவற்றுக்கு உண்டு. லேசான சத்தம் என்றீர்களே, அதை இப்போதே போனில் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து ஒப்பிட்டுக் கேட்கலாம். தடுப்பூசிப் புத்தகம், அது இப்போது சாப்பிடும் உணவின் பெயர், எத்தனை கிண்ணம், எத்தனை மணிக்கு, எல்லாம் எழுதி வாங்குங்கள். வந்த உடனே உணவை மாற்ற வேண்டாம். ஒரு வாரம் பழையதையே கொடுத்து, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள்.

கூட்டிவருவது காலை ஏழு மணிக்கு முன்னாலோ, ராத்திரியிலோ இருக்கட்டும். ஈஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் ஹைவேயில் பகலில் மாட்டிக்கொண்டால் ஆட்டோவில் அனல் அடிக்கும்.

முதல் சில நாள் அது சரியாகச் சாப்பிடாது, வாசல் கதவைப் பார்த்தே உட்கார்ந்திருக்கும். மகள் வருத்தப்படுவாள். பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவள் வீட்டுப்பாடம் எழுதட்டும், கூப்பிடவும் வேண்டாம், தூக்கவும் வேண்டாம். அதுவாக வரும். அந்த வீட்டில் அது படுத்திருந்த துணி எதுவானாலும், எவ்வளவு பழசானாலும், கேட்டு வாங்கி வாருங்கள், துவைக்காதீர்கள். முத்துவின் நீலப் போர்வையை நான் ஒரு வருடம் தண்ணீரிலேயே போடவில்லை.